கப்பலில் வராத காரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழின் சமையல் பக்கத்தை என் தங்கை கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். "அக்கா, உங்க ஊர்ச் சமையல் நம்ம பேப்பர்ல வந்திருக்கு, பாரு" என்று கூடவே ஒரு குரல் பதிவு. 'கேஜன் சிக்கன்' என்ற தலைப்பைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் லஃபயெட் நகரில் 17 வருடமாகக் குடியிருக்கிறேன். பிரெஞ்சு வழி வந்த கேஜன் மக்கள் வாழும் வட்டாரத்துக்கு இதுதான் நடுநாயகமான ஊர். இந்தப் பக்கத்துச் சங்கதி தமிழ்ப் பத்திரிகையில் வருவதே அபூர்வம்.

படித்து முடித்தபோது சந்தோஷம் பாதியாகிவிட்டது. செய்முறைக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு மேலே பெட்டி கட்டிப் போட்டிருந்த நாலு வரிதான் உறுத்தியது. பிரான்ஸிலிருந்து வந்த கேஜன் முன்னோர்கள் தங்கள் காரமான மசாலாக்களையும் கப்பலில் கூடவே கொண்டுவந்தார்களாம். வெயில் ஊரில் கெட்டுப்போன இறைச்சியின் வாடையை மறைக்க மிளகாயை அள்ளிப் போட்டார்களாம். இரண்டும் தவறு. இங்கே பொது நூலகத்தில் பகுதிநேர வேலை பார்க்கிறேன். ஊர் வரலாற்றுப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும் அலமாரி என் மேசைக்குப் பின்னால்தான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

கேஜன்காரர்களின் முன்னோர்கள் 1600களிலேயே பிரான்ஸை விட்டுக் கிளம்பிய குடியானவர்கள். அவர்கள் போய் இறங்கியது லூசியானாவில் இல்லை. கனடாவின் கிழக்குக் கரையில், இன்றைய நோவா ஸ்கோஷியா பக்கம். அந்த நிலத்துக்கு அக்கேடியா என்று பெயர். கடல் ஏறி இறங்கும் உப்புச் சதுப்பில் கரை கட்டி, உள்ளே தேங்கும் மழைத்தண்ணீர் வெளியே போகவும் கடல்நீர் உள்ளே வராமலும் ஒரு மரக்கதவு வைத்து, வருடக்கணக்கில் மண்ணின் உப்பைக் கழுவிக் கோதுமை விளைவித்தார்கள். குளிர் ஊர். மிளகாய் விளைகிற மண்ணே இல்லை. உப்புப் போட்ட பன்றி இறைச்சி, மீன், முட்டைக்கோஸ், டர்னிப் கிழங்கு, ரொட்டி, இவ்வளவுதான் சாப்பாடு. வாசனைக்கு சேவரி என்று ஓர் இலை போடுவார்கள். வெங்காயத்தாளை நறுக்கி உப்பில் அழுத்தி ஜாடியில் போட்டு வைத்துக் குளிர்காலம் முழுக்க எடுத்துக்கொள்வார்கள். அக்கேடியாவில் தங்கிவிட்டவர்களின் வழியில் வந்தவர்கள் இன்றும் 'ஃப்ரிக்கோ' என்று ஒரு கோழிக் குழம்பு வைக்கிறார்கள். அதில் போடுவதும் இந்த சேவரிதான். நாக்கைச் சுடும் சங்கதி எதுவும் கிடையாது.

1713ல் அந்த நிலம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அரசருக்கு நிபந்தனையில்லாமல் விசுவாசப் பிரமாணம் எடு என்றார்கள். இவர்கள் மாட்டோம் என்றார்கள். 1755ல் தொடங்கி ஊர் ஊராகப் பிடித்துக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள். குடும்பங்கள் ஆளுக்கொரு திசையாகச் சிதறின. பத்து வருடம் அலைந்தபின், 1765 பிப்ரவரியில் ஜோசஃப் ப்ரூசார் என்பவர் ஏறக்குறைய 200 பேரைக் கூட்டிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் வந்து சேர்ந்தார். 'போசோலெய்' என்பது அவருக்குப் பட்டப்பெயர். கட்டின துணியோடு வந்தவர்களுக்கு நகரத்தில் இடமில்லை. மேற்கே சதுப்பும் புல்வெளியுமாகக் கிடந்த அட்டக்கப்பா நிலப்பகுதிக்கு அனுப்பிவைத்தார்கள். லஃபயெட் இருப்பது அந்த நிலப்பகுதியில்தான். 'அக்கேடியன்' என்பது வாயில் தேய்ந்து 'கேடியன்' ஆகி, அப்புறம் 'கேஜன்' ஆனது.

கட்டுரை எழுதியவர் 1785ஐ மனதில் வைத்து எழுதினாரோ என்னவோ. அந்த வருடம் 7 கப்பல்களில் 1,600 பேர் அளவில் பிரான்ஸிலிருந்தே வந்தார்கள். ஆனால் அவர்களும் அக்கேடியாவிலிருந்து துரத்தப்பட்டு, பிரான்ஸில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு அகதியாகக் காலம் தள்ளியவர்கள்தான். அவர்கள் மூட்டையில் மசாலாவைத் தேடினால் என்ன கிடைத்திருக்கும்?

அப்படியென்றால் காரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். வந்து இறங்கிய இடத்தில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களிடமிருந்து வந்தது. அந்த நேரம் லூசியானா ஸ்பெயினின் வசம் இருந்தது. 1762ல் பிரான்ஸ் அதை ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டது. மெக்ஸிகோவும் கியூபாவும் அதே அரசரின் கீழ் என்பதால் கப்பல் போக்குவரத்து இருந்தது. ஸ்பெயினின் மலகாவிலிருந்தும் கேனரி தீவுகளிலிருந்தும் 1778க்குப் பிறகு குடும்பங்களைக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தினார்கள். அவர்களுடைய 'சொரீசோ' தொத்திறைச்சிதான் இங்கே 'ஷோரீஸ்' ஆனது. பக்கத்தில் 1721லிருந்தே ஜெர்மானியர்கள் இருந்தார்கள். இவர்கள் எல்லாருக்கும் முன்னால் இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான சாக்டா, சிட்டிமாச்சா, ஹூமா மக்கள் இருந்தார்கள். சாக்டாக்கள் சசாஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்து இடித்துப் பொடி செய்து நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குக் கொண்டுவந்து விற்றார்கள். கம்போ என்னும் இந்த ஊர்க் குழம்பில் கடைசியில் தூவும் 'ஃபீலே' பொடி அதுதான்.

நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது ஆப்பிரிக்கர்களைப் பற்றி. 1719லிருந்து அடிமைக் கப்பல்கள் லூசியானாவுக்கு வந்தன. நிறையப் பேர் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகாம்பியா பக்கத்தவர்கள். நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள். வெண்டைக்காய் அவர்களோடு வந்தது. 'கம்போ' என்ற பெயரே பாண்டு மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் 'கிங்கோம்போ'விலிருந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் உறைப்புக்கென்றே மெலகெட்டா மிளகு காலங்காலமாக உண்டு. போர்த்துக்கீசியர்கள் 1500களிலேயே அங்கே மிளகாயையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். ஆக, லூசியானாவுக்குச் சங்கிலியில் வந்தவர்களுக்குக் காரம் பழகின ருசி. பண்ணை வீடுகளில் அடுப்படியில் நின்றவர்களும் அவர்கள்தான். பெட்டிச் செய்தியின் நாலு வரியில் இவர்களுக்கு அரை வரிகூட இல்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே முக்கால்வாசி அதனால்தான்.

மிளகாயே இந்த அமெரிக்கக் கண்டங்களின் செடி. இங்கே எல்லாரும் போடும் கெய்ன் மிளகாய்க்குப் பெயர் தென்னமெரிக்காவின் கயென் துறைமுகத்தோடு சேர்ந்தது. கொலம்பஸ் இந்தப் பக்கம் வரும்வரை நம் வீடுகளிலும் மிளகாய் கிடையாது. அந்த விஷயத்தில் நாமும் கேஜன்காரர்களும் ஒரே கடையில் கடன் வாங்கியவர்கள்தான். நாம் கொஞ்சம் முந்திக்கொண்டோம், அவ்வளவே.

ஏன் இந்தச் செடி இவர்களிடம் இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்பதற்குப் பெரிய காரணம் தேட வேண்டாம். அவர்கள் ஏழைகள். மிளகு வேண்டுமென்றால் காசு கொடுத்துக் கடையில் வாங்க வேண்டும். கெய்ன் மிளகாய் சமையலறைப் படிக்குப் பக்கத்தில் தானாகக் காய்க்கும். இங்கே பனி விழாத மாதங்கள் அதிகம். வெயிலும் ஈரமும் குறைவில்லாமல் உண்டு. பழுத்ததைக் கோத்துத் தொங்கவிட்டால் காய்ந்துவிடும். சின்னச் சின்ன மிளகாயைச் சீசாவில் போட்டு வினிகர் ஊற்றினால் கீரைக்கும் பீன்ஸுக்கும் வருடம் பூராவும் ஆகும். என் பக்கத்து வீட்டுப் பாட்டியின் சாப்பாட்டு மேசையில் இன்றும் அந்தச் சீசா இருக்கிறது. வினிகர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார். மிளகாயை மாற்றி நான் பார்த்ததில்லை.

கெட்ட இறைச்சிக் கதைக்கு வருகிறேன். இதை எழுதுகிறவர்கள் யாரும் வீட்டில் இறைச்சி வாங்கிச் சமைத்தவர்களாக இருக்க முடியாது. கெட்டுப்போன கறியை எந்த மிளகாயும் காப்பாற்றாது. வாடை போனாலும் வயிறு காட்டிக்கொடுக்கும். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் அதற்கு வேறு வழி கண்டுபிடித்திருந்தார்கள். 'பூஷ்ரி' என்று பெயர். குளிர் விழுந்ததும் ஒரு வீட்டில் ஒரு பன்றியை அறுப்பார்கள். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் வந்து வேலை செய்து, கறியைப் பங்கு போட்டுக்கொண்டு போகும். அடுத்த முறை இன்னொரு வீட்டில். கறி கெடுவதற்குள் தின்று தீர்ந்துவிடும். ஈரலையும் மிச்சக் கறியையும் வேகவைத்து அரைத்து, சோறும் வெங்காயத்தாளும் கெய்னும் கலந்து குடலில் அடைத்தால் 'பூடான்'. தோலையும் கொழுப்பையும் பெரிய இரும்புச் சட்டியில் பொரித்தால் 'கிராத்தோன்'. தோள்கறியை உப்பும் மிளகாயும் அப்பிப் புகை போட்டால் 'டாசோ'. டாசோவில் காரம் தூக்கலாகத்தான் இருக்கும். அதை யாரும் தனியாகத் தின்பதில்லை. ஒரு துண்டை நறுக்கிப் பானை பீன்ஸில் போட்டால் பானை முழுக்க ருசி ஏறும்.

சரி, அந்தப் பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 84 வயது. இங்கே பாட்டியை 'மாமா'வுக்கும் 'மோமோ'வுக்கும் நடுவில் ஒரு சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். பாட்டியை மாமா என்று கூப்பிட எனக்கு வாய் வராததால் 'மோமோ' என்றே கூப்பிடுகிறேன். அவர் என்னை 'ஷா' என்பார். கண்ணு, ராசாத்தி என்கிற மாதிரி. வந்த புதிதில் அவர் கொடுத்த கம்போவை ருசித்துவிட்டு, இது என்ன பிரமாதம், நானே வைக்கிறேன் என்று ஒரு நாள் வைத்தேன். கோழி, தொத்திறைச்சி, வெங்காயம் எல்லாம் சரியாகவே போட்டேன். கேஜன் என்றால் காரம்தானே என்று மிளகாய்த்தூள் மூன்று ஸ்பூன். பட்டை, கிராம்பு தாளித்தேன். பெருமையாகக் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மோமோ இரண்டு வாய் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். "ரொம்ப நல்லா இருக்கு ஷா. கம்போ எங்கே?" என்றார்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக்கொண்டு செய்தார். கனமான கறுப்பு இரும்புச் சட்டி. எண்ணெயும் மைதாவும் சம அளவு. தட்டையான மரக்கரண்டியால் சட்டியின் அடியை வழித்து வழித்துக் கிளறினார். இதற்கு 'ரூ' என்று பெயர். முதல் பத்து நிமிடம் பசை மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. அப்புறம் மணல் நிறம். பிறகு வேர்க்கடலை வறுத்த வாசனை வந்தது. நடுவில் தொலைபேசி அடித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செப்புக் காசு நிறத்துக்கு வந்ததும் போதும் என்று நினைத்தேன். "இன்னும் இல்லை" என்றார். ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தாலும் கீழே கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். முக்கால் மணி நேரம் ஆனது. சாக்லேட் நிறத்துக்கு வந்த கணம் நறுக்கி வைத்திருந்த வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் ஒரேயடியாகக் கொட்டினார். 'சொய்'யென்று எழுந்த ஆவியில் அவர் மூக்குக்கண்ணாடி மறைந்துபோனது. அந்த வாசனையை நான் இன்னும் மறக்கவில்லை. காய்களின் ஈரம் பட்டதும் ரூ மேலும் கருகாமல் நின்றுவிடுகிறது. அதனால்தான் அவற்றை முன்கூட்டியே நறுக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

கோழியை முதல் நாளே உப்பும் மிளகும் கெய்னும் பூண்டுத்தூளும் தடவி வைத்திருந்தார். எவ்வளவு என்று கேட்டேன். உள்ளங்கையைக் காட்டினார். அது ரகசியக் கலவையாக்கும் என்று நான் விடாமல் கேட்க, அலமாரியைத் திறந்து கடையில் விற்கும் ஒரு பச்சை டப்பாவை எடுத்து நீட்டினார். ஓப்பலூசஸ் ஊர்க்காரர் டோனி சேஷரி 1972ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பொடி அது. லஃபயெட்டில் அந்த டப்பா இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. பின்பக்கம் படித்துப் பாருங்கள்: முதலில் இருப்பது உப்பு, மிளகாய் அதற்கு அப்புறம்தான்.

அன்றைக்குச் சாப்பிட்ட கம்போவில் காரம் இருந்தது. ஆனால் வாயில் வைத்ததும் தெரியவில்லை. விழுங்கின பிறகு தொண்டையில் மெதுவாக ஒரு சூடு. முன்னால் நின்றது வறுத்த மாவின் ருசியும் வெங்காயத்தின் இனிப்பும். இறக்குவதற்கு முன் ஒரு கை நிறைய வெங்காயத்தாள் தூவினார். அக்கேடியாவில் உப்பு ஜாடியில் போட்டு வைத்த அதே வெங்காயத்தாள்தானோ இது என்று எனக்கு ஒரு எண்ணம். புத்தகத்தில் படித்ததில்லை, என் ஊகம். ரூ பிரெஞ்சுக்காரர்களின் முறைதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரான்ஸின் பேர்போன வெள்ளை சாஸ்களுக்கு மாவின் நிறம் மாறுவதற்குள் பாலை ஊற்றிவிடுவார்கள். இந்தச் சாக்லேட் நிறம் வரைக்கும் கொண்டுபோவது லூசியானாவின் வேலை.

அப்படியானால் 'கேஜன் என்றால் நெருப்பு' என்று உலகமே நினைப்பது எப்படி? அதற்கு ஒரு மனிதர் பெரிய காரணம். பால் ப்ரூடோம். 1940ல் ஓப்பலூசஸ் பக்கத்தில் குத்தகை விவசாயி குடும்பத்தில் 13 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். 1979ல் நியூ ஆர்லியன்ஸின் ஷார்ட்ரஸ் தெருவில் மனைவியோடு சேர்ந்து 'கே-பால்ஸ்' என்ற சின்னச் சாப்பாட்டுக் கடையைத் திறந்தார். அங்கே அவர் போட்ட 'பிளாக்கண்ட் ரெட்ஃபிஷ்' நாட்டையே பைத்தியமாக்கியது. மீன் துண்டை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, கறுப்பு மிளகு, வெள்ளை மிளகு, கெய்ன் மூன்றும் பாப்ரிகாவும் தைமும் சேர்ந்த பொடியில் புரட்டி, புகை கக்கும் இரும்புத் தவாவில் போடுவது. வெண்ணெயும் பொடியும் கருகி மேலே ஒரு கறுப்பு ஓடு பிடிக்கும். கடை வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. ஊர் ஊராக ஹோட்டல்கள் காப்பியடித்ததில் அந்த மீனுக்கே ஆபத்து வந்து, 1980களின் பிற்பகுதியில் மெக்ஸிகோ வளைகுடாவில் அதை வியாபாரத்துக்குப் பிடிப்பதற்கே தடை போட வேண்டியதாயிற்று.

இந்த மீன் வறுவல் கேஜன் வீடுகளில் இருந்ததா? இல்லை. அவர் கடையில் பிறந்த பண்டம் அது. மோமோவுக்கு 40 வயது ஆகும்வரை அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லையாம். "என் அம்மா மீனை அப்படிக் கருக்கியிருந்தால் அப்பா வீட்டை விட்டுப் போயிருப்பார்" என்றார். ப்ரூடோமைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவர் அபாரமான சமையல்காரர். 2015ல் இறந்தபோது எங்கள் நூலகத்தில் அவருடைய புத்தகங்களுக்குத் தனி மேசை போட்டோம், இரண்டே நாளில் மேசை காலி. அவரைப் பார்த்து மற்றவர்கள் செய்ததுதான் கோளாறு. ருசி போனது, காரம் மட்டும் மிஞ்சியது. மேலே சிவப்புப் பொடி தூவினால் சிப்ஸும் கேஜன், கோழி இறக்கையும் கேஜன்.

டபாஸ்கோ சாஸையும் உங்கள் பெட்டியில் 'கேஜன் கண்டுபிடிப்பு' என்று சேர்த்திருந்தீர்கள். அது தயாராகும் ஏவரி தீவு எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் போகிற தூரம். பூமிக்கடியில் உப்புப் பாறை எழும்பி மேடான இடம். ஆனால் அதைத் தொடங்கிய எட்மண்ட் மெக்கில்ஹென்னி கேஜன்காரர் இல்லை. மேரிலாண்டிலிருந்து வந்த வங்கிக்காரர். உள்நாட்டுப் போரில் எல்லாம் போனபின் மாமனார் வீட்டு நிலத்தில் மிளகாய் போட்டு, 1868ல் முதல் விளைச்சல் எடுத்து, 1870ல் காப்புரிமை வாங்கினார். மிளகாயின் பெயர் மெக்ஸிகோவின் மாநிலத்துப் பெயர். மிளகாய், உப்பு, வினிகர், மூன்றே பொருள். பறிக்கிறவர்கள் பழம் சரியாகப் பழுத்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சிவப்புச் சாயம் பூசிய சின்னக் குச்சி ஒன்று வைத்திருப்பார்கள். அந்தக் குச்சியைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பெரிது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது, சமையலைவிட்டு விலகினாலும். 1921ல் லூசியானாவின் அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழியில் பாடம் நடத்தக் கூடாது என்றது. பிரெஞ்சு மட்டுமே தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் வாய் திறந்தால் அடி. மோமோவின் அம்மா ஒன்றாம் வகுப்பில், வெளியே போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல் இருந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டாராம். அதனால் தன் பிள்ளைகளோடு ஆங்கிலம்தான் பேசினார். புருஷனோடு சண்டை போட மட்டும் பிரெஞ்சு. 'கேஜன்' என்று யாராவது கூப்பிட்டால் அந்தத் தலைமுறைக்குக் கை ஓங்கத் தோன்றும். 1968ல் பிரெஞ்சைக் காப்பாற்ற அரசே ஒரு மன்றம் அமைத்தது. அப்புறம்தான் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்வதில் கூச்சம் போகத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அதே பெயர் மசாலாப் பாக்கெட்டுக்குப் போய்விட்டது. பெயர் வைத்தவர்கள் யாரும் மோமோவைக் கேட்கவில்லை.

நிஜமாகவே நெருப்பு மாதிரி காரம் சாப்பிட வேண்டுமென்றால் அதற்கும் இங்கே ஒரு நாள் உண்டு. வசந்த காலத்தில், கிராஃபிஷ் பருவத்தில். பார்க்கக் குட்டி லாப்ஸ்டர் போல இருக்கும். நெல் வயல்களில் வளர்க்கிறார்கள். மூட்டை மூட்டையாக உயிரோடு வாங்கி, சேறு போகக் கழுவி, பெரிய அலுமினியப் பானையில் கொதிக்கும் தண்ணீரில் கொட்டுவார்கள். கெய்ன், கடுகு, கொத்தமல்லி விதை, ஆல்ஸ்பைஸ், கிராம்பு, பே இலை எல்லாம் சேர்ந்த மசாலா உண்டு. சூட்சுமம் கொதியில் இல்லை. இரண்டு மூன்று நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மீதி மசாலாவையும் உறைந்த மக்காச்சோளத்தையும் அப்போதுதான் போடுவார்கள். சூடு இறங்க இறங்க மிதந்துகொண்டிருக்கும் கிராஃபிஷ் காரத்தண்ணீரைக் குடித்துக் கீழே போகும். அரை மணி நேரம் ஊறினால் உதடு வீங்கும் காரம். அந்த ஆவிக்குப் பக்கத்தில் நின்றால் இருமல் நிற்காது.

அதை எங்கே கொட்டித் தின்பார்கள் தெரியுமா? நீள மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல். ஆசிரியர் கோபித்துக்கொள்ள வேண்டாம். போன வருடம் ஊரிலிருந்து வந்த பார்சலில் ஊறுகாய் சீசாவைச் சுற்றியிருந்த தங்கள் பத்திரிகையின் இரண்டு தாளும் அந்த மேசையில் இருந்தன. தமிழ் எழுத்தைப் பார்த்த மோமோவின் பேரன், இது என்ன எழுத்து, சுருட்டி வைத்த கிராஃபிஷ் வால் மாதிரி இருக்கிறது என்றான்.

இந்தக் காரமும் பழைய அக்கேடியாவின் சொத்து இல்லை. கொதிப் பானை மசாலாவை மூட்டை கட்டி விற்ற கம்பெனிகள் நியூ ஆர்லியன்ஸில் இருந்தவை; ஊரே கூடி மூட்டைக் கணக்கில் வேகவைத்துத் தின்பது 20ஆம் நூற்றாண்டில் பெருகிய பழக்கம். பக்கத்து ஊர் ப்ரோ பிரிட்ஜுக்கு 'உலகக் கிராஃபிஷ் தலைநகர்' என்று பட்டம் கிடைத்ததே 1959ல்தான். 1975க்குப் பிறகு வளைகுடாக் கரைக்கு வந்த வியட்நாமியக் குடும்பங்கள் இப்போது அதில் பூண்டு வெண்ணெய் உருக்கி ஊற்றுகிறார்கள். முதலில் முகம் சுளித்த கேஜன் கிழவர்கள் இப்போது கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நிற்கிறார்கள்.

இப்போது தங்கள் செய்முறை. மூன்று ஸ்பூன் மிளகாய்த்தூளை அரை ஸ்பூனாக்குங்கள். கறுப்பு மிளகைக் கூட்டுங்கள். 'ஒரு சிறிய வெங்காயம்' என்று போட்டிருக்கிறது. இரண்டு பெரிய வெங்காயம் வேண்டும், கூடவே குடைமிளகாயும் செலரித் தண்டும். செலரி கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், கரம் மசாலாவை அதற்குப் பதிலாகப் போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்துவிட்டேன். கோழிக்கு முதல் நாளே உப்பும் பொடியும் தடவ வேண்டும். முக்கியமாக, அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாலு வரி போதும். அதில் ஆப்பிரிக்கர்கள், சாக்டாக்கள் என்ற இரண்டு சொல்லும் இருந்தால் சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லஃபயெட், லூசியானா

பி.கு.: ஃபீலே பொடி யாராவது வாங்கி அனுப்பினால், அதை அடுப்பில் இருக்கும் குழம்பில் போட்டுவிடாதீர்கள். கொதி பட்டால் நூல் நூலாக இழுக்கும். இறக்கிய பின் தூவலாம். மோமோ அதுவும் செய்வதில்லை, டப்பாவை மேசையில் வைத்துவிடுவார், வேண்டியவர்கள் தங்கள் கிண்ணத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.